மாடியைக் கட்டியவர்கள்

புதுச்சேரியின் பழைய வீடுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: கீழ்த்தளம் தமிழ், மேல்தளம் பிரெஞ்சு. சுற்றுலா வழிகாட்டிகள் தெருவில் நின்று கையை மேலும் கீழும் ஆட்டி இதைச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கட்டடக்கலைப் பாதுகாப்பு முதுகலைப் படிப்பின் களஆய்வுக்காக எங்களுக்குக் கொடுக்கப்பட்ட படிவமும் இதைத்தான் சொன்னது. ‘கட்டடப் பாணி’ என்ற தலைப்பின் கீழ் அதில் மூன்று கட்டங்கள் இருந்தன: தமிழ், பிரெஞ்சு, பிராங்கோ-தமிழ். பிரான்சிலிருந்து வந்திருந்த மாணவர்களுடன் சேர்ந்து, பெரிய வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தெருக்களில் வீடு வீடாக அளந்து வரைந்துகொண்டிருந்த நாட்களிலிருந்தே இந்த மூன்றாவது கட்டம் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைப் பொய் என்று ஒதுக்கவும் முடியவில்லை, உண்மை என்று ஒப்புக்கொண்டு நகரவும் முடியவில்லை.

கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பார்த்தால் அந்த வாக்கியம் சரிதான். தெருவோரமாக மரக்கால்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்புடன் தாழ்வாரம், அதை ஒட்டித் திண்ணை, செதுக்கு வேலை கொண்ட நிலைக்கதவு, உள்ளே போனால் முற்றம், அதைச் சுற்றித் தூண்கள், பின்கட்டில் கிணறு. இவை எல்லாம் கீழே. நிமிர்ந்து பார்த்தால் வளைவு வைத்த ஜன்னல்கள், அவற்றின் இருபுறமும் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள், சுண்ணாம்பில் வார்த்த கொடிவேலை, உச்சியில் குட்டைத் தூண்கள் வரிசையாக நிற்கும் கைப்பிடிச்சுவர். பார்க்கிறவருக்கு இரண்டு ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் அடுக்கியது யார் என்ற கேள்வி அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை.

படிவத்தைத் தயாரித்தவர்கள் மேல் குறை சொல்ல நான் வரவில்லை. ஆயிரக்கணக்கான வீடுகளைப் பட்டியலிட வேண்டிய ஒருவருக்குக் கட்டங்கள் தேவைதான். 1990களில் இந்த ஊரில் எடுக்கப்பட்ட மரபுக் கட்டடப் பட்டியலில் இருந்தவற்றில் பல நூறு இன்று இல்லை. பட்டியல் இல்லாமலிருந்தால் போனது என்ன என்றுகூடத் தெரிந்திருக்காது. என் உறுத்தல் வேறு. ஒரு வீட்டை எந்தக் கட்டத்தில் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, அதில் எதைக் காப்பாற்றுவது என்பதும் அப்போதே முடிவாகிவிடுகிறது.

ஒரே கை கட்டிய இரண்டு நகரங்கள்

வெள்ளையர் நகரம் ஒருபுறம், தமிழர் நகரம் மறுபுறம், நடுவில் வாய்க்கால் என்று வரைபடத்தில் பார்க்கும்போது, இரண்டும் தனித்தனியாக வளர்ந்து ஓரங்களில் மட்டும் கலந்தன என்ற எண்ணம் எளிதாக வந்துவிடுகிறது. 1761இல் ஆங்கிலேயர் இந்த ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் அந்த எண்ணம் ஆட்டம் காணும். இன்று நாம் பார்க்கும் புதுச்சேரி பெரும்பாலும் அதற்குப் பிறகு எழுந்தது. வாய்க்காலின் இரு கரைகளிலும் சுவர் எழுப்பியவர்கள் இந்த மண்ணின் கொத்தனார்களும் தச்சர்களும்தான். கிழக்கே துய்மா வீதியில் உயர்ந்த மதிலுக்குப் பின்னால் நிற்கும் ‘முழு பிரெஞ்சு’ மாளிகைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். நெருக்கமாகப் போட்ட தேக்குச் சட்டங்களின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாக்கில், குறுக்குக் கோணத்தில் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து இறுக்கிய மெட்ராஸ் டெரஸ்தான் அங்கும் இருக்கிறது. சுண்ணாம்பில் சேர்த்தது கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும். அந்த மாளிகையைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் போடுவது என்று நான் கேட்டபோது, பாணி என்பது முகப்பைப் பொறுத்தது என்று பதில் வந்தது. கூரை கணக்கில் வரவில்லை.

மறுபக்கம் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு இருக்கிறது. 1761 அழிவுக்குத் தப்பிய வெகு சிலவற்றில் ஒன்று. கீழே செதுக்கிய மரத்தூண்கள் சூழ்ந்த முற்றம், மேலே வெண்சாந்து பூசிய ஐரோப்பியச் சாயல் தூண்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஒரு தமிழ் வணிகர், ஊரே புதிதாக இருந்த காலத்தில், தன் பணத்தில், தன் வீட்டுக்கு இப்படியொரு மேல்மாடியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். இதை இரண்டு பண்பாடுகளின் இனிய சங்கமம் என்று எழுதிவிட்டுப் போகலாம், பலர் எழுதியும் இருக்கிறார்கள். ஆனால் 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் பிரெஞ்சுக்காரர்களால் இடிக்கப்பட்டதை நாட்குறிப்பில் பதிந்து வைத்தவரும் இதே பிள்ளைதான். இடித்தவர்களின் கட்டட மொழியில் ஒரு பகுதியை எடுத்துத் தன் வீட்டில் வைத்துக்கொண்டவருக்கு அது சங்கமமாகத் தெரிந்ததா, அந்தஸ்தாகத் தெரிந்ததா, வெறும் வசதியாகத் தெரிந்ததா என்பதைப் படிவம் கேட்காது. பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம்.

ஜன்னலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில்

எங்கள் குழுவுக்கு ஒதுக்கப்பட்ட வீடுகளில் ஒன்று மிஷன் வீதிக்கு மேற்கே, ஒரு குறுகலான தெருவில் இருந்தது. எழுபதைக் கடந்த ஒரு அம்மா மட்டும் அங்கே இருந்தார். எங்களுடன் வந்த பிரெஞ்சு மாணவி கூர்மையானவள். வளைவுகளின் அளவு விகிதத்தைப் பார்த்தே காலத்தைக் கணிக்கப் பார்ப்பாள். மேல்மாடி முகப்பைப் படமெடுத்துவிட்டு, இதை வரைந்த பிரெஞ்சுப் பொறியாளரின் பெயர் குடும்பத்தில் யாருக்காவது நினைவிருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். நான் தமிழில் கேட்டேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“எந்தப் பிரெஞ்சுக்காரன் தம்பி இங்க வந்து கட்டினான்? எங்க மாமனாரோட அப்பா சைகோன்ல கஸ்டம்ஸ்ல வேலை பாத்தாரு. அவரு அனுப்பின பணம். கொத்தனாருங்க நம்ம ஊரு ஆளுங்க. அங்க அவரு குடியிருந்த வீடு மாதிரி வேணும்னு லெட்டர் போட்டாராம், அத வச்சுக் கட்டினது.”

அதன்பின் நாங்கள் அளந்ததெல்லாம் எனக்கு வேறு மாதிரி தெரியத் தொடங்கியது. 1881ஆம் ஆண்டின் ஆணைப்படி தங்கள் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தின் கீழ் வந்த குடும்பங்களிலிருந்து பலர், சைகோன் உள்ளிட்ட, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த இந்தோசீனாவுக்கு (இன்றைய வியட்நாம் பகுதி) அரசு வேலைக்குப் போனார்கள். சுங்கம், காவல், வரி வசூல், நீதிமன்றம் என்று நடுத்தரப் பதவிகளில் இருந்தார்கள். சொல்தாக்கள் என்று ஊரில் அழைக்கப்படும் படைவீரர் குடும்பங்களின் கதை தனி. இவை புதுச்சேரிக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் அந்த வரலாற்றை வம்சாவளிப் பேச்சில் வைத்திருக்கிறோமே தவிர, சுவரில் பார்ப்பதில்லை. அந்த அம்மா சொன்னது உண்மையானால், அந்த மேல்மாடி பிரான்சிலிருந்து வந்ததும் அல்ல, வாய்க்காலுக்குக் கிழக்கேயிருந்து வந்ததும் அல்ல. பிரெஞ்சு ஆட்சியின் இன்னொரு மூலையில் சம்பளக்காரனாக வாழ்ந்த ஒரு தமிழன், தான் அங்கே பார்த்ததைத் தன் தெருவுக்கு வரவழைத்துக்கொண்டது.

அந்தக் கடிதம் இப்போது இல்லை. கரையான் தின்றுவிட்டது என்றார். ஆகவே ஆவணம் கேட்கும் துறைக்கு இது வெறும் வாய்மொழி. ஆனால் மாடிக்குப் போனபோது, கடிதம் இல்லாமலே சில விஷயங்கள் தெளிவாக இருந்தன. தெருவைப் பார்த்த முன்னறையில், சாய்ந்த மரப்பட்டிகள் வைத்த இரண்டு உயர்ந்த ஜன்னல்கள். வெளியே அவற்றுக்கு நடுவில் அரைத்தூண் ஓடும் இடத்தில், உள்பக்கம் சுவரைக் குடைந்து ஒரு விளக்கு மாடம். அதன் உச்சி கறுத்திருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு சாண் உயரத்துக்குச் சுவரில் ஏறியிருந்தது. அண்ணாந்து பார்த்தால் நடு உத்திரத்தில் ஊஞ்சல் சங்கிலி மாட்டுவதற்கான இரும்பு வளையங்கள். சங்கிலி ஆடி ஆடி மரத்தில் பள்ளம் விழுந்திருந்தது. வீடு கட்டி முடித்த பிறகு மாடத்தைக் குடைந்திருந்தால் அந்தக் கனத்தில் சுவர் விரிசல் விட்டிருக்கும். விளிம்பில் செங்கற்களை அதற்கென்றே வளைத்து அடுக்கியிருந்தார்கள். கட்டும்போதே வைத்த மாடம் அது. அந்த அறை யாருக்கு என்று கேட்டேன். “மாப்பிள்ள வந்தா தங்கறதுக்கு,” என்றார். வீட்டுப் பெண்கள் அன்றாடம் அங்கே வருவதில்லையாம். அவர்களுக்கு முற்றமும் பின்கட்டும்தான்.

தெருவுக்குக் காட்டுவதற்கு ஒரு முகம், உள்ளே வாழ்வதற்கு ஒரு ஒழுங்கு என்று அந்த வீட்டைக் கட்டியவர்கள் நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். தமிழும் பிரெஞ்சும் இங்கே தாமாகச் சந்திக்கவில்லை. ஒரு குடும்பம், தன் சம்பளத்தையும் சம்பந்திகளையும் மனதில் வைத்து, எதை எங்கே வைப்பது என்று முடிவெடுத்திருக்கிறது. திண்ணைக்கும் இது பொருந்தும். வழிப்போக்கருக்கு நிழல் தந்த திண்ணை என்று உருகி எழுதுகிறோம். சாதிவாரியாகத் தெரு பிரித்த ஊரில் எந்த வழிப்போக்கர் எந்தத் திண்ணையில் உட்கார முடிந்தது என்பது எழுதுகிறவர்களுக்கும் தெரியும்.

பிரெஞ்சு மாணவிக்கும் எனக்கும் அன்று மாலை நீண்ட வாக்குவாதம் நடந்தது. மாடம் இருப்பதால் மட்டும் முகப்பின் மூலம் மாறிவிடாது, பார்த்துச் செய்தது பார்த்துச் செய்ததுதான் என்பது அவள் கட்சி. பழைய கட்டடப் பாதுகாப்புக்கான சர்வதேச நெறியான 1964 வெனிஸ் சாசனம் சொல்வதுபோல, ஊகம் தொடங்கும் இடத்தில் நம் வேலை நின்றுவிட வேண்டும், கிழவியம்மாவின் சொல்லை வைத்துச் சைகோனுக்குப் போக முடியாது என்றாள். எங்கள் வழிகாட்டி பேராசிரியர் 1994இல் ஜப்பானில் உருவான நாரா ஆவணத்தை எடுத்துக் காட்டினார்: ஒரு மரபுச் சின்னத்தின் உண்மைத்தன்மையை அது எந்தப் பண்பாட்டைச் சேர்ந்ததோ அதன் சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும். எனக்கு அதுவும் போதவில்லை. மரக்கோயில்களைப் பிரித்துப் புதுப்பிக்கும் ஜப்பானில் அந்த வாக்கியத்துக்குக் குழப்பமில்லாத பொருள் உண்டு. மாமனாரின் அப்பா சைகோனில், கொத்தனார் இந்த ஊரில், தேக்கு பர்மாவிலிருந்து என்று இருக்கும் ஒரு வீட்டில், ‘எந்தப் பண்பாட்டைச் சேர்ந்ததோ’ என்ற சொற்களே வழக்கின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

முகப்பும் கூரையும்

இது வெறும் வகைப்பாட்டுச் சண்டையாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். அடுத்த முறை போனபோது மழைக்குப் பிந்தைய பழுதைப் பார்க்க ஒரு மேஸ்திரியை அழைத்துப் போயிருந்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த, இப்போது அரிதாகிவிட்ட கைகளில் ஒன்று. அவர் முகப்பை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே மாடி முன்னறைக்குப் போய், உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் பொத்தென்று மாறியது. அங்கே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கரண்டியின் முனையை நுழைத்து நெம்பினார். சிமெண்டுப் பூச்சு ஒரு தட்டு அளவுக்குப் பாளமாகப் பெயர்ந்து கையில் வந்தது. பின்னால் பழைய சுண்ணாம்புக் காரை ஈர மாவாக இருந்தது. உத்திரத்தின் தலையில் திருப்புளியை வைத்து அழுத்தினார். அது கைப்பிடிவரை உள்ளே போயிற்று.

“மேல தட்டோட்டுக்கு மேல சிமெண்டு போட்டாங்க, தண்ணி போற தூம்பு அடைச்சுகிச்சு. இறங்கின தண்ணி வெளிய போவ வழியில்ல தம்பி. சுண்ணாம்பா இருந்தா காஞ்சிருக்கும்,” என்றார்.

கடலுக்கு இவ்வளவு அருகில் இருக்கும் ஊரில் சுவர்கள் உப்பையும் ஈரத்தையும் உறிஞ்சத்தான் செய்யும். சுண்ணாம்பு அதை ஆவியாக வெளியே விடும். சிமெண்டு உள்ளேயே பூட்டிவைக்கும். பூட்டிய ஈரம் செங்கல்லைப் பொடிக்கும், மரத்தின் தலையை அழுகவைக்கும். இது பாடப்புத்தகத்திலும் உண்டு. ஆனால் அந்த வீட்டைப் பற்றி நாங்கள் நிரப்பிய படிவத்தில் கூரைக்கு ஒரு வரி, முகப்புக்கு ஒரு பக்கம் இருந்தது. மூன்றாவது கட்டத்தில் குறி போட்டதோடு அந்த வீட்டின் மதிப்பு முகப்புக்குள் அடங்கிவிட்டது. கேட்கிற நிதி, வரைகிற வரைபடம், எடுக்கிற புகைப்படம் எல்லாம் அதன் பின்னாலேயே போயின.

தெருமுகப்பைக் காப்பாற்றுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. மரபுச் சின்னங்களைக் காக்கும் தேசிய அமைப்பான இன்டாக்கின் புதுச்சேரிக் கிளை 1984 முதல் இங்கே இயங்குகிறது. 2002 முதல் 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நவ்-சூர்-லோவும் பங்கேற்க, கல்வே சுப்புராய செட்டி வீதி என்கிற வைசியாள் வீதியில் வரிசையாக முகப்புகளைச் சீர்படுத்தினார்கள். செலவில் ஒரு பங்கை உரிமையாளர்களும் ஏற்றார்கள். 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது அந்த வீதிக்குக் கிடைத்தது. இன்று அந்த வீதியில் நடந்தால் தாழ்வாரங்கள் தொடர்ச்சியாக நிற்கும்போது ஒரு தமிழ்த் தெரு எப்படி இருந்திருக்கும் என்பது முதன்முறையாகப் புரிகிறது. தனி ஒரு வீட்டைக் காப்பாற்றி அந்தப் புரிதலைத் தர முடியாது. பொதுப்பணம் பொதுமக்கள் பார்க்கும் பகுதிக்குப் போக வேண்டும் என்ற வாதத்தையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் வீடு விழுவது முகப்பிலிருந்து அல்ல. கடற்கரையில் நின்ற ‘மேரி’ (நகராட்சி மன்றத்துக்கான பிரெஞ்சுச் சொல்) கட்டடம், 1870களின் தொடக்கத்திலிருந்து நகராட்சி மன்றமாக விளங்கியது, 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. ஆண்டுக்கணக்கில் பழுதோடு நின்ற கட்டடம் அது. ஆயினும் கடலைப் பார்த்த அதன் முகத்தைப் பின்னணியாக வைத்து ஊரே படமெடுத்துக்கொண்டிருந்தது. பிறகு உலக வங்கி நிதியில் அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். அதே முகம் இப்போது நிற்கிறது, பளிச்சென்று. இடிந்துபோன பழைய கூரையும், அதை அடித்த கைகளும் திரும்பி வரவில்லை. சுற்றுலாப் பயணிக்கு இதில் இழப்பு எதுவும் தெரியாது என்பதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. பாணியை மட்டும் பாதுகாப்பதென்றால் இதுவே போதுமான பாதுகாப்பு.

அந்த அம்மாவின் வீட்டுக்குத் திரும்புகிறேன். கூரையைப் பிரித்துச் சுண்ணாம்பில் மறுபடி போட வேண்டும் என்றால் பணத்துக்கு முன்பே கையெழுத்து வேண்டும். வீடு இன்னும் பாகம் பிரிக்கப்படவில்லை. 1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது குடும்பத்தின் இரண்டு கிளைகள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்து பிரான்சுக்குப் போய்விட்டன. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த வீட்டின் பங்காளிகள். அவர்களில் சிலர் இந்தத் தெருவைப் பார்த்ததே இல்லை. புதுச்சேரியில் பழைய வீடு விழுவதற்கு உப்புக்கும் சிமெண்டுக்கும் அடுத்த காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். ஒப்புக்கொள்ள வேண்டிய அத்தனை பேரையும் ஒன்றுசேர்ப்பதைவிட, எல்லோருமாக விற்று, இடித்து, காசைப் பிரித்துக்கொள்வது எளிது.

என் அறிக்கையில் பாணிக் கட்டத்தைக் காலியாக விட்டு, அந்த இடத்தில் யார் பணம், யார் கை, எந்தப் பொருள், எத்தனை பங்காளிகள் என்று எழுதிக் கொடுத்தேன். துறையில் ஏற்றுக்கொண்டார்கள், அதிகம் பேசவில்லை. பிரெஞ்சு மாணவி தன் அறிக்கையில் ‘பிராங்கோ-தமிழ்’ என்றே எழுதினாள். சைகோன் கதையை ஒரு பத்தியாகச் சேர்த்திருந்தாள், ‘குடும்பத்தார் கூற்று’ என்ற அடைமொழியுடன். அந்தப் பெயரை விட்டுவிட்டால் தன் நாட்டில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இருக்கவில்லை. அவள் தன் அறிக்கையை அம்மாவின் கொழுந்தனார் வழிப் பேரன் ஒருவருக்கு அனுப்பிவைக்க, பாரிசுக்கு வெளியே எங்கோ வசிக்கும் அவர், தன் குடும்பத்துக்கு ‘பிரெஞ்சு மரபுள்ள வீடு’ ஒன்று இருப்பதை அதில்தான் அறிந்ததாகச் சொல்லி, பழுதுபார்க்கச் சம்மதக் கடிதம் அனுப்பினார். தான் போடும் பணம் முகப்பு வண்ணத்துக்குப் போக வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தார். முதலில் தூம்பு, அப்புறம் உத்திரம், வண்ணமெல்லாம் கடைசியில் என்று அம்மா பதில் எழுதச் சொல்லியிருக்கிறார். மற்ற பங்காளிகளின் கடிதங்கள் இன்னும் வரவில்லை.